ஆள்மாறாட்டம்

விரல்நுனியில் ஒரு குத்து.
ஒரு சொட்டு.
லுசாகா மருத்துவமனையின் அந்தச் சின்னப் பெட்டி
மூன்று நிமிடம் யோசித்துவிட்டு
ஓர் எண்ணைக் காட்டியது.

நான் சிரித்தேன்.
"பெட்டி கெட்டுப்போயிருக்கும், சிஸ்டர்.
கப்வேயை விட்டு வந்து பதினேழு வருஷம்.
அப்பாவின் அடக்கத்துக்கு ஒரே ஒரு நாள் போனேன்,
அன்றைக்கும் செருப்பைக் கழற்றவில்லை."

இன்னொரு விரலைக் கேட்டார்கள்.
அதே எண்.

டாக்டர் ம்வீங்கா நல்ல மனுஷி.
ஈயம் பூசினாற்போலவும் பூசாததுபோலவும்
பேசத் தெரியாதவர்.
"சின்ன வயதில் தின்ற தூசி
ரத்தத்தில் கொஞ்ச நாள்தான் நிற்கும்.
பிறகு எலும்பின் கதவைத் தட்டி
நான்தான் சுண்ணாம்புச் சத்து என்று சொல்லும்.
எலும்பு நம்பிவிடும், இடம் கொடுக்கும்.
வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது.
இப்போது உள்ளே இருப்பது
தனக்கு எலும்பு வேண்டுமென்று கேட்கிறது.
உன் உடம்பு திறந்து எடுத்துக் கொடுக்கிறது.
சுண்ணாம்போடு அதுவும் கிளம்புகிறது."

"கிளம்பி?"

"தொப்புள்கொடிக்கு வேலி கிடையாது, முடிந்தா."

மினிபஸ்ஸில் ஜன்னலோரம்.
மடியில் மாத்திரைப் பை.
கண்டக்டர் பையன் மிச்சக் காசை
கண்மூடித் திறப்பதற்குள் எண்ணிக் கொடுத்தான்.
என் தம்பி சூல்வேக்கு இன்னும் அது வராது.
இருபத்தாறு வயது.
ரொட்டி வாங்கி வருவான்,
மிச்சத்தைக் கடைக்காரனின் மனசாட்சிக்கு விட்டுவிடுவான்.

ஒரே குன்றில்தான் சறுக்கினோம்,
சிமெண்ட் சாக்கை அடியில் போட்டு.
சுரங்கக் கசடு குவிந்த கறுப்புக் குன்று;
வெயிலில் மினுங்கும்.
சுரங்கத்திலிருந்து வரும் வாய்க்காலில்
ஒன்றாகத்தான் குளித்தோம்.
அவன் சின்னவன். விரல் சூப்புவான்.
அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் தப்பித்தவள் என்றார்கள்.
கணக்கில் முதல் மார்க், தலைநகரில் வேலை.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.
ஊரை அல்ல, ஊரின் விலாசத்தை மட்டும்
விட்டு வந்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் மசக்கையில்
மண் தின்ன ஆசை வந்தது.
சந்தையில் கட்டி கட்டியாக விற்கிறார்கள்,
பிள்ளைத்தாச்சிகளுக்கென்றே.
எந்த ஊர் மண் என்று கேட்கவில்லை.
மண்ணிடம் யார் ஊர் கேட்பார்கள்?
இப்போது கேட்கிறேன், எல்லாவற்றிடமும்:
பழைய இரும்பையும் தகரத்தையும் உருக்கி வார்த்த சட்டியிடம்,
குழாய்த் தண்ணீரிடம்,
லூபாசி ஆசையாய் வாங்கி வந்த
பழைய தொட்டிலின் உரியும் பச்சைப் பெயிண்டிடம்.

"ஒன்றும் ஆகாது" என்றான் லூபாசி.
நள்ளிரவில் விழித்தால் பக்கத்தில் ஆள் இல்லை.
மழையில், தொட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
தெருமுனை தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.
எங்கே போட்டான் என்று நான் கேட்கவில்லை.
எங்கே போட்டாலும்
அது யாருடைய ஊரோதானே.

காலையில் பால்.
இரவில் சுண்ணாம்பு மாத்திரை, இரும்பு மாத்திரை,
நேரம் விட்டு, நேரம் விட்டு.
மதியம் சோளக் களியோடு கபெண்டா:
விரல் நீளமே இருக்கும் வெள்ளி மீன்,
தலையோடு, முள்ளோடு.
போனதை வரவழைக்க முடியாது,
வருவதைக் குறைக்கலாம் என்கிறார் டாக்டர்.
எவ்வளவு என்று சொல்லவில்லை.
அந்த எண் எந்தப் பெட்டியிலும் இல்லை.

முள்ளை மெல்லும்போதெல்லாம்
உன்னிடம் பேசுகிறேன்.
இதை எடுத்துக்கொள்.
இது இந்த வருஷத்து மீன், தூரத்து ஏரி மீன்.
வேண்டுமட்டும் எடுத்துக்கொள்.
என் எலும்புப் பக்கம் மட்டும் வராதே.
அங்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது.
மினுங்கும் குன்று ஒன்று இருக்கிறது.
அதன் உச்சியில் மூன்று வயதில் உன் மாமன்,
ஒரு கையில் சாக்கு,
மறு கை வாயில்,
சறுக்க ஆள் தேடிக்கொண்டு நிற்கிறான்.

உன்னைக் கூப்பிடுவான்.
அன்பாகத்தான் கூப்பிடுவான்.

போகாதே.